இடது இறக்கையின் நேரம்

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று லண்டனின் கிங்ஸ்பரியில் எங்கள் தெருவில் யாருக்கும் ஒழுங்காகத் தெரியாது. கோயிலில் ஒருமுறை பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மா விடாமல் கேட்டார். குளிர்காலத்தில் விமானத்தின் இறக்கையில் உறைபனி பிடிக்கும், அதை மருந்து அடித்துக் கரைப்பார்கள், அந்த வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்கிறவர்களில் நானும் ஒருத்தி என்றேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப பிளேன் கழுவுறதுக்கும் ஒரு இன்ஸ்பெக்டரோ?" என்றார். நானும் சிரித்து வைத்தேன். வீடு வந்து சேரும் வரைக்கும் எரிச்சல் அடங்கவில்லை.

எரிச்சல் அவர்மேல் இல்லை. அவர் நினைத்த அளவுக்குக்கூட எனக்கு அதிகாரம் கிடையாது என்பதுதான் உள்ளே குத்தியது.

இரண்டாயிரங்களின் நடுப்பகுதி அது. விமானம் ஓட்டுகிறவருக்கு உரிமம் வேண்டும். அதைப் பழுது பார்க்கிறவருக்கு உரிமம் வேண்டும். விமான நிலையத்துக்குள் சாண்ட்விச் விற்கிற கடையைக்கூட உள்ளூர்க் கவுன்சில்காரர் நினைத்தால் வந்து மூடலாம். ஆனால் புறப்படுவதற்குச் சற்று முன்னால் இறக்கைமேல் மருந்து அடிக்கிற கம்பனிக்கு விமானப் பாதுகாப்பைப் பார்க்கிற எங்கள் அரசு அலுவலகத்திடமிருந்து எந்த உரிமமும் தேவையில்லை. வண்டியும் ஆட்களும் ஒரு விமானக் கம்பனியின் ஒப்பந்தமும் இருந்தால் போதும், வேலையைத் தொடங்கிவிடலாம். அதில் பிழை வந்தால் நாங்கள் கேட்கக்கூடியது விமானக் கம்பனியைத்தான். மருமகளிடம் ஒரு வார்த்தை சொல்வதென்றாலும் மாமியார் வழியாகத்தான் சொல்ல வேண்டும் என்கிற வீட்டைப் போன்ற ஏற்பாடு. இதை மாற்ற வேண்டும், இந்தக் கம்பனிகளையும் நேரடிக் கண்காணிப்புக்குள் கொண்டுவர வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் சிலர் பேசத் தொடங்கியிருந்தோம். அந்தச் சிலரில் அதிகம் சத்தம் போட்டது நான்.

நான் மலேசியாவில் பிறந்து லண்டனுக்குப் படிக்க வந்தவள். விமானப் பொறியியல் படித்து, இங்கேயே வேலை கிடைத்து, இங்கேயே தங்கிவிட்டேன். படிக்க வரும் வரைக்கும் ஐஸ் என்றால் எனக்குக் கோப்பையில் சிரப் ஊற்றித் தருவது. அப்படிப்பட்டவளுக்கு உறைபனியே பிழைப்பாகிப் போனதை நினைத்து எத்தனையோ முறை எனக்குள் சிரித்திருக்கிறேன். அந்தப் பிப்ரவரிக் காலையில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

முந்தைய நாள் மாலையே பனி விழத் தொடங்கியிருந்தது. லண்டன் விமான நிலையங்களில் ஒன்றில், ஒரு விமானக் கம்பனியின் அனுமதியோடு, அவர்களுக்காக மருந்து அடிக்கிறவர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று பார்க்கப் போயிருந்தேன். பார்க்கலாம், கேட்கலாம், எழுதலாம். அவ்வளவுதான் எனக்கு அங்கே இடம்.

குழுவில் எல்லோருமே யாழ்ப்பாணத்துக்காரர்கள். தலைவராக இருந்தவர் முதலில் வேலைக்கு வந்திருக்கிறார். பிறகு தன் சிநேகிதனைச் சேர்த்துவிட்டார், சிநேகிதன் தன் மச்சானைச் சேர்த்துவிட்டார், அப்படியே குழு நிறைந்துவிட்டது. எல்லோரும் தலைவரை அண்ணை என்றார்கள். நாற்பதைத் தாண்டியவர், ஒல்லியான ஆள், காதுவரை இழுத்த கம்பளித் தொப்பி. நான் யார் என்று சொன்னதும் அலுவலகப் பெண்களிடம் பேசுகிற மரியாதையோடு இரண்டு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசினார். நான் தமிழில் பதில் சொன்னதும் முகம் மாறிவிட்டது.

"தமிழே? அப்ப முதலே சொல்லியிருக்கலாமே தங்கச்சி. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

அவர்களுக்கென்று ஒரு பேச்சு இருந்தது. வேலை இரண்டு கட்டம். முதலில் சூடான மருந்துத் தண்ணீரைப் பீய்ச்சி, இறக்கையில் இருக்கிற பனியையும் உறைவையும் கரைப்பார்கள். இதற்குப் பெயர் குளிப்பாட்டு. பிறகு, புதிதாக விழுகிற பனி ஒட்டாமல் இருக்க, கெட்டியான பச்சை மருந்தைப் பூசுவார்கள். இதற்குப் பெயர் கூழ். "குளிப்பாட்டியாச்சு, இனிக் கூழ் ஊத்து" என்று அண்ணை கீழிருந்து கத்த, ரிக் என்கிற வண்டியின் உயர்ந்த கூடைக்குள் நிற்கிறவர் குழாயைத் திருப்புவார். எங்கள் அலுவலகத்தின் நீளமான சொற்களைவிட இது எவ்வளவோ மேல் என்று தோன்றியது.

இந்தக் கூழ் நிரந்தரமாகத் தாங்காது. விழுகிற பனியை உருக்கி உருக்கி நீர்த்துப்போய், ஒரு கட்டத்தில் அதுவே உறையத் தொடங்கும். இறக்கை உறைந்தால் விமானம் எழும்புமா என்பது நிச்சயமில்லை. அதனால் அன்றைய பனிக்கு அது எவ்வளவு நேரம் தாங்கும் என்று விமானி அட்டவணை பார்த்துக் கணக்குப் போடுவார். அந்தக் கணக்கு எங்கே தொடங்குகிறது என்பதைக் கீழே நிற்கிற குழுத் தலைவர்தான் ஹெட்செட்டில் சொல்ல வேண்டும். கூழ் பூசத் தொடங்கிய நேரத்தைச் சொல்ல வேண்டும். முடித்த நேரத்தை அல்ல. முதலில் பூசிய இடத்தில்தானே அது முதலில் சோர்ந்துபோகும்.

அன்று இரண்டு ரிக்குகளில் ஒன்றின் பம்ப் வேலை செய்யவில்லை. அதை விமானத்தின் இடது பக்கத்திலேயே ஓரமாக விட்டுவிட்டார்கள். மற்ற ரிக் ஒன்றே எல்லாவற்றையும் செய்தது. விமானம் முழுவதையும் குளிப்பாட்டி, இடது இறக்கைக்குக் கூழ் பூசி, வாலுக்கும் பூசியபோது தொட்டி வற்றிவிட்டது. ரிக் நிரப்பப் போனது. அங்கேயும் வரிசை. பனி விழுந்துகொண்டே இருந்தது. நான் கால்விரல்களை ஷூவுக்குள் மடக்கி மடக்கி நின்றேன். ரிக் திரும்பி வந்ததும் கூடையில் நின்றவர் இறக்கைகளை ஒருமுறை பார்த்துவிட்டு, வலது பக்கத்தை மறுபடி குளிப்பாட்டிக் கூழ் பூசி முடித்தார். அண்ணை ஹெட்செட்டில் என்ன மருந்து, எவ்வளவு கலப்பு என்று சொல்லிவிட்டு நேரத்தைச் சொன்னார். எனக்கும் கேட்பதற்கு ஒரு ஹெட்செட் கொடுத்திருந்தார்கள். அவர் சொன்னது அந்த நிமிடத்து நேரம்.

முதலில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். விமானி அதே நேரத்தைத் திருப்பிச் சொன்னார். அண்ணை சரி என்றார். ஹெட்செட்டின் வயரைக் கழற்றினார்கள். ஏற்கெனவே தாமதமான விமானம், காத்திருந்த வண்டி வந்து அதை உடனே பின்னால் தள்ளிக்கொண்டு போனது. எல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள் நடந்துவிட்டது.

"அண்ணே, நீங்க சொன்ன நேரம் தப்பு."

"என்ன பிழை? இப்பதானே முடிஞ்சது."

"முடிஞ்ச நேரம் இல்லண்ணே, தொடங்குன நேரம். இடது பக்கம் எப்பப் பூசுனீங்க? ரிக் நிரப்பப் போறதுக்கு முன்னாடியே பூசிட்டீங்களே."

அவர் என்னைப் பாவம் பார்க்கிற மாதிரிப் பார்த்தார். "தங்கச்சி, முடியாத வேலையை முடிஞ்சுது எண்டு எப்பிடிச் சொல்லுறது? நான் எப்பவும் முடிச்ச நேரந்தான் சொல்லுறனான்."

"எப்பவுமா?"

"ஓம். நாங்கள் எத்தினை எயார்லைனுக்குச் செய்யிறம். ஒவ்வொருத்தனும் வந்து ஒவ்வொரு பாடம் எடுக்கிறான். ஒருத்தன் தொடக்கம் எண்டுறான், ஒருத்தன் முடிவு எண்டுறான். ரெண்டு ரிக் ஓடேக்க அதுக்கும் இதுக்கும் என்ன பெரிய வித்தியாசம்?"

அவர் சொன்னது உண்மை. இரண்டு ரிக்குகள் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ஓடினால் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் இடையில் கொஞ்ச நேரம்தான் போகும். அந்தப் பழக்கத்தால் இத்தனை குளிர்காலமும் ஒரு தீங்கும் வரவில்லை. யாரும் பிழை என்று சொல்லவும் இல்லை. சொல்ல வேண்டியவர் யார் என்பதே யாருக்கும் தெரியாதபோது எப்படிச் சொல்வார்கள்? குழுவில் ஒருவருக்காவது சரியான முறை தெரிந்திருக்கலாம். ஆனால் அண்ணை ஹெட்செட்டில் பேசும்போது குறுக்கே பேசுகிற வழக்கம் அங்கே இல்லை.

"இன்னைக்கு ஒரு ரிக்குதானே ஓடுச்சு" என்றேன்.

அவர் ஓடுபாதைப் பக்கம் பார்த்தார். பனிக்குள் எதுவும் தெரியவில்லை. அங்கே விமானங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் காத்து நின்றிருக்கும். எங்கள் விமானமும் அந்த வரிசையில் ஊர்ந்துகொண்டிருக்கும். விமானி தன் கையில் இருக்கிற நேரத்தை நம்பி, இன்னும் தாராளமாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பார். அதே நேரம் இடது இறக்கையின் கூழ் செத்துக்கொண்டிருக்கும்.

"கேப்டனுக்கு உடனே சொல்லணும்ணே."

"இனி எப்பிடி? வயர் கழட்டியாச்சு. பிளேன் போட்டுது."

"உங்க ரேடியோல உங்க கம்பனி கன்ட்ரோலுக்குச் சொல்லுங்க. அவங்க ஏர்லைனுக்குச் சொல்லுவாங்க. ஏர்லைன் கேப்டனைக் கூப்பிடும்."

"நீங்கள் நிப்பாட்டுங்கோவன். நீங்கள்தானே கவுண்மெந்து."

"எனக்கு அந்த அதிகாரம் இல்லண்ணே."

அவர் சிரித்துவிட்டார். கேலிச் சிரிப்பு இல்லை, நம்ப முடியாத சிரிப்பு. "அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. செல்போனை எடுத்து விமானக் கம்பனியின் அவசர எண்ணை அழைத்தேன். பிஸி. மறுபடி அழைத்தேன், மறுபடி பிஸி. பனி நாளில் அந்த எண்ணுக்கு உலகமே போன் போட்டுக்கொண்டிருந்திருக்கும். கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு அழைத்தேன். யாரோ ஒரு பெண் எடுத்து, கொஞ்சம் இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனவர் திரும்பி வரவே இல்லை. என் அலுவலகத்துக்கு இன்னும் யாரும் வந்திருக்கவில்லை. அவசரத்தில் ஒரு எண்ணைத் தவறாக அழுத்தினேன். எனக்கு என்மேல் வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இவ்வளவு படித்து, இவ்வளவு கூட்டம் போட்டு, கடைசியில் ஒரு விமானத்தை நிறுத்தச் சொல்ல ஒரு எண்கூட என் கையில் இல்லை.

"அண்ணே, நீங்க ஒருத்தர்தான் சொல்ல முடியும். சீக்கிரம் சொல்லுங்கண்ணே."

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். குழுவில் இருந்த மற்றவர்கள் அடுத்த விமானத்துக்கான வேலையைப் பார்ப்பதுபோல நின்றார்கள். எல்லோருடைய காதும் எங்கள் பக்கம்தான் இருந்தது.

"போன மாசம் மற்ற ஷிப்டிலை ஒருத்தன் பிளேனை மறிச்சவன். அடுத்த நாளே எயார்போட்டுக்கு உள்ளை வாற பாஸைத் தந்துபோட்டுப் போ எண்டு அனுப்பிப்போட்டாங்கள். சரி பிழை ஒண்டும் கேக்கேல்லை. நான் பெற்றோல் ஸ்டேசனிலை இரவிரவா நிண்டு நிண்டு, கடைசியா இந்தப் பாஸை எடுத்தனான். மனிசி இப்பதான் ஊரிலயிருந்து வந்தவ. நான் பிழையான நேரம் சொன்னனான் எண்டு என்ரை வாயாலையே சொன்னா, எனக்கு ஆர் பொறுப்பு? நீங்களே?"

நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நம்பியிருப்பார். வார்த்தை நுனிநாக்கு வரைக்கும் வந்தது. ஆனால் அது பொய்.

"இல்லண்ணே. உங்க கம்பனிகிட்ட என்னால ஒன்னும் பேச முடியாது. உங்களுக்கு நான் எந்த உறுதியும் தர முடியாது."

"அப்ப விடுங்கோ. கப்டன் சும்மாவே இருப்பார்? கண்ணாலை பாத்துத்தானே போவார்."

"இந்தப் பனில முன்னாடி உக்காந்துக்கிட்டு இறக்கை என்னத்தண்ணே தெரியும்?"

அவர் திரும்பி நடந்தார். அடுத்த விமானத்துக்கான தாள்கள் பழுதான ரிக்கின் முன்சீட்டில் இருந்தன, அதை எடுக்கப் போனார். எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. கத்தினேனா என்று நினைவில்லை. மறுபடி போனில் அந்த எண்ணை அழுத்திக்கொண்டிருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அந்த ரிக், நான் சொன்னதுபோல, விமானத்தின் இடது இறக்கை இருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்றது. அந்த இறக்கைக்குக் கூழ் பூசியபோது காற்றில் கொஞ்சம் பறந்து ரிக்கின் முன்மூடிமேலும் படிந்திருந்தது. பூசிய புதிதில் அது பச்சையாக, ஈரமாகப் பளபளத்ததை நானே பார்த்திருந்தேன். அண்ணை கதவைத் திறக்கக் கை நீட்டியவர் அப்படியே நின்றுவிட்டார். முன்மூடியைப் பார்த்தார். இப்போது அங்கே பச்சை இல்லை. விழுந்த பனி உருகாமல் வெள்ளையாக உட்கார்ந்திருந்தது. அவர் கையுறையைப் பல்லால் கடித்துக் கழற்றினார். வெறும் விரல்களால் பனியைத் தள்ளிவிட்டு, அடியில் இருந்ததைத் தேய்த்துப் பார்த்தார். இறக்கையில் உறைவு இருக்கிறதா என்ற சந்தேகம் வந்தால் அவர்கள் எல்லோரும் செய்கிற சோதனை அது. கண்ணுக்குத் தெரியாத உறைவு விரலுக்குத் தெரியும்.

இன்னொரு முறை தேய்த்துப் பார்த்தார். பிறகு கையுறையைப் போடாமலே நெஞ்சில் மாட்டியிருந்த ரேடியோவை அழுத்தினார்.

அவர் ஆங்கிலத்தில் பேசியது ஒவ்வொரு சொல்லும் எனக்குக் கேட்டது. விமானத்தின் எண்ணைச் சொன்னார். நான் கொடுத்த நேரம் பிழை, அது முடித்த நேரம், இடது இறக்கை அதற்கு வெகு முன்பே பூசப்பட்டது, அங்கே மருந்து உறையத் தொடங்கிவிட்டது, விமானியைத் திரும்பி வரச் சொல்லுங்கள் என்றார். அந்தப் பக்கம் ஒரு கெட்ட வார்த்தை. பிறகு, விமானியைக் கூப்பிட்டு எங்கள் ஆளுக்கு மணி பார்க்கத் தெரியாது என்று சொல்லட்டுமா என்று ஒரு குரல் கேட்டது.

"ஓம், அப்பிடியே சொல்லு" என்று அண்ணை தமிழில் முணுமுணுத்தார். பிறகு ஆங்கிலத்தில், ஆமாம், உடனே சொல்லுங்கள் என்றார்.

ரேடியோ அமைதியாகிவிட்டது. செய்தி போனதா, போய்க்கொண்டிருக்கிறதா, அந்தக் குரல் கோபத்தில் தேநீர் குடிக்கப் போய்விட்டதா, எதுவும் எங்களுக்குத் தெரியாது. குழுவில் எல்லோரும் வேலை செய்கிற பாவனையைக்கூட விட்டுவிட்டு எங்களிடம் வந்து நின்றார்கள். அப்போது ஓடுபாதைப் பக்கமிருந்து ஒரு விமானத்தின் இன்ஜின்கள் முழு வேகத்தில் இரையத் தொடங்கின. சத்தம் பெருகியது, நிலம் அதிர்ந்தது, வெள்ளைக்குள் எங்கேயோ ஒன்று ஓடியது, எழும்பியது, சத்தம் மேலே போய் மெலிந்தது. அது எந்த விமானம் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. அண்ணை கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது. நான் மேலே பார்க்கப் பயந்து என் ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எழும்பின விமானம் விழுந்தால் எந்தச் சத்தம் வரும் என்று என் மூளை கேட்டது, அதை நிறுத்த எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு விமானமும் எழும்பிப் போனது. அது போன பிறகு வெகு நேரம் எதுவும் நடக்கவில்லை. பிறகு, "அண்ணை, அங்கை" என்று ஒருவர் கையை நீட்டினார். பனிக்குள்ளிருந்து முதலில் ஒரு வால் தெரிந்தது, பிறகு மூக்கு. எங்கள் விமானம்தான். மெதுவாக எங்களை நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தது. நான் அந்த ரிக்கின் சக்கரத்தில் சாய்ந்துகொண்டேன். அழுதேன் என்றும் சொல்லலாம். குளிரில் கண்ணில் தண்ணீர் வந்தது என்று அப்போது சொல்லிக்கொண்டேன்.

விமானம் நின்றதும் அண்ணையே கூடையில் ஏறி இடது இறக்கைக்கு மேலே போனார். வெறும் கையை வைத்துப் பார்த்தார். கீழே இருந்த எங்களைப் பார்த்து, உறைத்துகள் ஒட்டிய உள்ளங்கையைத் திருப்பிக் காட்டினார். பாதி இறக்கையில் உறைவு சொரசொரப்பாக ஒட்டிக்கொண்டிருந்தது என்று பிறகு சொன்னார். மறுபடி குளிப்பாட்டினார்கள். அதற்குள் வேறொரு குழுவிலிருந்து இரண்டாவது ரிக் ஒன்று வந்துவிட்டது. மறுபடி கூழ் ஊற்றினார்கள். இந்த முறை அண்ணை ஹெட்செட்டில் தொடங்கிய நேரத்தைச் சொன்னார். விமானி திருப்பிச் சொல்லிவிட்டு, நன்றி நண்பரே என்றார். யாருக்கு எதற்காக நன்றி சொல்கிறோம் என்று அவருக்கு முழுதாகத் தெரிந்திருக்குமா என்று எனக்குத் தெரியாது. விமானம் போனது, எழும்பியது, போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

மதியத்துக்குள் அண்ணையின் மேலாளர் வந்தார். சூடாகப் பேசவில்லை, சாந்தமாகத்தான் பேசினார். நிலையத்துக்குள் நுழையும் பாஸைக் கழுத்திலிருந்து கழற்றித் தரச் சொன்னார். நான் நடுவில் போய், அவர் செய்தது சரி, அவர் சொல்லாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் தெரியுமா என்றேன். மேலாளர் மரியாதையாகக் கேட்டார். பிறகு, எங்கள் ஊழியர் விஷயத்தில் உங்கள் அலுவலகத்துக்கு ஏதாவது அதிகாரம் உண்டா என்று, அதே கேள்வியை அன்று இரண்டாவது முறையாக, இந்த முறை ஆங்கிலத்தில், என்னிடம் கேட்டார். இல்லை என்றேன். அப்படியானால் மன்னிக்கவும் என்றார்.

அண்ணை பாஸைக் கொடுத்துவிட்டு என்னிடம் வந்தார்.

"நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ தங்கச்சி" என்றார். "நீங்கள் பொய் சொல்லேல்லை. பொய் சொல்லியிருந்தியள் எண்டால்தான் எனக்குக் கோவம் வந்திருக்கும்."

நான் அறிக்கை எழுதினேன். எழுதியதில் பாதியை என் மேலதிகாரி மென்மையாக்கினார். விமானக் கம்பனி, சம்பந்தப்பட்ட நபர் இப்போது பணியில் இல்லை என்று பதில் அனுப்பியது. பிரச்சினை தீர்ந்துவிட்டதாம்.

அடுத்த இலையுதிர்காலத்தில், இந்த மருந்து அடிக்கும் கம்பனிகளை நேரடிக் கண்காணிப்புக்குள் கொண்டுவரலாமா என்று பேசுவதற்கு ஒரு பெரிய கூட்டம் ஏற்பாடானது. விமானக் கம்பனிக்காரர்கள், நிலையக்காரர்கள், மருந்து அடிக்கிற கம்பனிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். அந்தக் காலையைப் பற்றி நான் அங்கே பேச வேண்டும் என்று முடிவு செய்தேன். ஆனால் அண்ணையைக் கேட்காமல் பேச மனம் வரவில்லை. போன் செய்தேன். சவுத்தாலில் ஒரு தேநீர்க் கடையில் சந்தித்தோம். கொஞ்சம் எடை போட்டிருந்தார். மினிகாப் என்கிற வாடகைக் கார் ஓட்டுவதாகச் சொன்னார், வீடும் தெற்கு லண்டனில் நோர்பரி, அலுவலகமும் நோர்பரி, பனி விழுந்தால் லீவு போட்டுவிடுவேன் என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"சொல்லுங்கோ" என்றார் நான் கேட்டதும். "என்ரை பேர் மட்டும் வேண்டாம். ஆனால் சொல்லேக்க முழுசாச் சொல்லவேணும். முதல்லை பிழையான நேரம் சொன்னவனும் நான்தான் எண்டதையும் சொல்லவேணும். அதை மறைச்சா, பிறகு கடைசியாச் சொன்னதையும் ஒருத்தரும் நம்ப மாட்டினம்."

கூட்டத்தில் அப்படியே முழுதாகச் சொன்னேன். பெரிய மேசை, வெள்ளைச் சுவர், தண்ணீர்க் குவளைகள். நான் சொல்லி முடிக்கும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. ஒரே குழுவுக்குப் பல விமானக் கம்பனிகள் பல விதமாகப் பாடம் எடுக்கின்றன, எது சரி என்று தீர்த்துச் சொல்ல யாரும் இல்லை, நிறுத்துகிறவனைக் காப்பாற்றவும் யாரும் இல்லை என்றேன். தலைமை தாங்கியவர் பேனாவைக் கீழே வைத்தார். நல்ல மனிதர்தான், கெட்ட எண்ணம் எதுவும் இருந்திருக்காது.

"அந்த விமானத்துக்குக் கடைசியில் ஏதாவது ஆனதா?" என்றார்.

"இல்லை."

"யாருக்காவது காயம்?"

"இல்லை."

"அப்படியானால்," என்றார் அவர், மேசையைச் சுற்றி எல்லோரையும் பார்த்துக்கொண்டே, "இப்போது இருக்கிற ஏற்பாடு சரியாக வேலை செய்திருக்கிறது என்றுதானே நாம் எடுத்துக்கொள்ள வேண்டும்?"

சிலர் தலையாட்டினார்கள். குறிப்பெடுக்கிற பெண் அதை எழுதிக்கொண்டாள். நான் அவள் எழுதி முடிக்கும் வரைக்கும் காத்திருந்தேன்.

"ஆமாம்" என்றேன். "அந்த ஏற்பாடு இப்போது நோர்பரியில் மினிகாப் ஓட்டிக்கொண்டிருக்கிறது."